ஓட்டில் ஜெயித்தவர் எதுவரை போகலாம்?

"மக்கள் ஓட்டுப் போட்டு ஓர் அரசைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அரசு கொண்டுவரும் சட்டத்தை, யாரும் ஓட்டுப் போடாத சில நீதிபதிகள் உட்கார்ந்து செல்லாது என்கிறார்கள். பெரும்பான்மை சொல்வதுதானே ஜனநாயகம்? அப்புறம் 'அரசியலமைப்பு ஜனநாயகம்' என்று தனியாக எதற்கு ஒன்று? அதன் அடிப்படை விழுமியங்கள் என்று நாங்கள் படிப்பதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா?"

அரசியல் அறிவியல் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டது இது. மழுப்பாமல் கேட்ட கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம், சட்டத்தின் ஆட்சி என்று பட்டியல் போட்டுவிடலாம். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தச் சொற்கள் எந்த ஊரில், யாருக்கு, எப்போது தேவைப்பட்டன என்று பார்த்தால்தான் உங்கள் சந்தேகம் தீரும். மதுரைப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

1996-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த 73-வது திருத்தமும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும் வந்த பிறகு நடந்த முதல் தேர்தல். சில ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகியவையும் அதில் வந்தன. அடுத்த பத்து ஆண்டுகளுக்கு இந்த நான்கு ஊர்களிலும் நிலைத்து வேலை பார்த்த தலைவர் ஒருவர்கூட இல்லை. தேர்தல் அறிவிப்பு வரும், வேட்புமனு போட ஆள் வரமாட்டார். மனுப் போட்டால் ஊருக்குள் தன் குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். சில தடவை ஊர்ப் பெரியவர்களே ஒருவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் ஜெயித்துப் பதவி ஏற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுபடி அறிவிப்பு, மறுபடி அதே கதை.

மேலூருக்குப் பக்கத்தில் மேலவளவு. அங்கேயும் தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வந்தது, ஆனால் தலித்தான முருகேசன் பின்வாங்கவில்லை. தேர்தலில் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரைக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் அவரும் அவரோடு வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்வியை இந்த ஊர்களுக்குக் கொண்டுபோவோம். அங்கே பெரும்பான்மை என்ன நினைத்தது? தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்று நினைத்தது. ஊரைக் கூட்டிக் கைதூக்கச் சொல்லி எண்ணியிருந்தால் அந்த முடிவுதான் ஜெயித்திருக்கும். எண்ணிக்கைதான் ஜனநாயகம் என்றால் அந்த ஊர்களில் நடந்ததற்கும் ஜனநாயகம் என்றே பெயர் வைக்க வேண்டியிருக்கும். வைக்க நமக்கு மனம் வருகிறதா? வரவில்லை என்றால், எண்ணிக்கைக்கு மேலே வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். யார் ஆள்வது என்பதை ஓட்டு முடிவு செய்கிறது. எதுவரை ஆளலாம், யாரைத் தொடக் கூடாது என்பதை அரசியலமைப்பு முடிவு செய்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் அரசியலமைப்பு ஜனநாயகம் என்கிறோம்.

இதுவே ஒரு நாட்டின் அளவில் நடந்தால் எப்படி இருக்கும்? கடலைத் தாண்டினால் போதும். 1947-ல் இலங்கையில் நடந்த தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு, இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு சுதந்திரம். அந்த ஆண்டு முடிவதற்குள் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும், அப்பாவும் இங்கேதான் பிறந்தார் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, வாழ்நாள் முழுக்க மலையில் வேலை செய்து, அந்த லயத்திலேயே செத்துப்போன மனிதரின் பிறப்புச் சான்றிதழுக்குப் பேரப்பிள்ளை எங்கே போவார்? பல லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்றார்கள். 1952 தேர்தலில் அந்த 7 இடங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு மிஞ்சவில்லை.

இத்தனைக்கும் அங்கே காப்பு ஒன்று இருந்தது. சோல்பரி அரசியலமைப்பு என்று அழைக்கப்பட்ட அன்றைய இலங்கை அரசியலமைப்பின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் தனியாகச் சுமையை ஏற்றும் சட்டம் செல்லாது என்று சொன்னது. அதை நம்பி வழக்குப் போட்டார்கள். அன்றைக்கு இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கு 1953-ல் தோற்றது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, யாருக்குக் குடியுரிமை என்று வரையறுப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்ற பார்வை வென்றது. 1972-ல் புதிய அரசியலமைப்பு வந்தபோது அந்தப் பிரிவே இல்லாமல் போனது. நடுவில் 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் மனிதர்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003-ல்தான் வந்தது. முதல் சட்டத்துக்கும் இதற்கும் நடுவே 55 ஆண்டுகள்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒன்றைத்தான். இங்கே யாரும் ராணுவத்தைக் கொண்டுவந்து ஆட்சியைப் பிடிக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், முறைப்படி மசோதா கொண்டுவந்து, முறைப்படி ஓட்டெடுப்பு நடத்தி, பெரும்பான்மையால் நிறைவேற்றியது. ஓட்டை வைத்தே ஓட்டைப் பறித்தார்கள்.

அதே காலத்தில் டெல்லியில் அரசியல் நிர்ணய சபை உட்கார்ந்திருந்தது. 1946 டிசம்பர் 9 அன்று முதல் கூட்டம், 1949 நவம்பர் 26 அன்று ஏற்பு. வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார், பின்னால் வந்து சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி என்று சென்னை மாகாணத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருப்பது, வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்பதுதான். அதற்கு முன்பு சொத்து, வரி, படிப்பு இருந்தால்தான் ஓட்டு. நாட்டில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலம். படிப்படியாகக் கொடுக்கலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். சபை அதைக் கேட்கவில்லை.

முடிவு எடுப்பது ஒன்று, அதைத் தெருவில் நடத்திக்காட்டுவது இன்னொன்று. வாக்காளர் பட்டியல் எடுக்கப் போன இடத்தில் வட இந்தியாவில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய அம்மா' என்றுதான் எழுதச் சொன்னார்கள். முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதற்கு ஒப்பவில்லை. ஓட்டு ஒரு ஆளுக்கு உரியது, ஆளுக்குப் பெயர் உண்டு என்று நின்றார். கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது. பெரிய இழப்புதான், 1951-52 தேர்தலில் அத்தனை பேர் ஓட்டுப் போட முடியவில்லை. ஆனால் அடுத்தடுத்த தேர்தல்களில் பெண்கள் சொந்தப் பெயரோடு வந்தார்கள். அரசியலமைப்பின் பார்வையில் நாட்டின் அலகு குடும்பமோ சாதியோ ஊரோ கிடையாது. பெயருள்ள தனி ஆள். மற்ற விழுமியங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன என்பது என் கருத்து.

தனி ஆள் என்றதும் கேரளத்து வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1985-ல் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், ஒரே வீட்டுப் பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். கடவுளைத் தவிர வேறெதையும் துதித்துப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. விஷயம் பெரிதாகி, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்றுத்தருகிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று முடித்தார்.

அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கை எனக்குக் கிடையாது. தேசிய கீதம் ஒலித்தால் நான் வாய்விட்டுப் பாடுகிறவன். ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது. மூன்று பேர், அதுவும் ஓட்டு வயதுகூட வராதவர்கள். எந்தக் கட்சிக்கும் அவர்களால் ஒரு லாபமும் இல்லை. ஓட்டுக் கணக்கில் பூஜ்யமான மூன்று பேருக்காக நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து யோசித்தது என்பதுதான் அரசியலமைப்பு ஜனநாயகம் கொடுக்கும் வாக்குறுதி.

சரி, நீதிமன்றம் எப்போதும் சரியாகத்தான் சொல்லுமா? சொல்லாது. உங்கள் கேள்வியில் இருக்கும் நியாயம் இங்கேதான் வருகிறது, அதைத் தள்ளிவிடக் கூடாது.

சென்னை மாகாணத்தில் 1920-களின் கடைசியிலிருந்து வகுப்புவாரி அரசாணை நடைமுறையில் இருந்தது. மருத்துவம், பொறியியல் இடங்களில் 14-க்கு 6 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, பிற்பட்ட இந்துக்கள், பிராமணர், அன்றைய சொல்லில் ஹரிஜனர் ஆகியோருக்கு தலா 2, ஆங்கிலோ இந்தியர்–கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்திருந்தார்கள். அரசியலமைப்பு வந்ததும் இது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று வழக்கு. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் சமத்துவம் என்று நீதிமன்றம் பார்த்தது. நூற்றாண்டுகளாகக் கோட்டுக்குப் பின்னாலேயே தள்ளப்பட்டவர்களுக்கு அது சமத்துவமா என்று தமிழ்நாடு கேட்டது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார், கட்சி கடந்து குரல் எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) உட்பிரிவு அப்போதுதான் சேர்ந்தது. இன்றைக்கு நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து வெளியே வரும் முதல் தலைமுறை டாக்டர்களின் வரலாற்றில் அந்த உட்பிரிவுக்கு இடம் உண்டு.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். நீதிமன்றம் ஒரு பொருள் சொன்னது. மக்கள் அதை ஏற்கவில்லை. யாரும் நீதிமன்றத்தை இழுத்து மூடவில்லை. தீர்ப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய அரசாணையைத் தொடரவும் இல்லை. நாடாளுமன்றம் தனக்கிருக்கும் திருத்தும் அதிகாரத்தைப் பயன்படுத்தி வழி கண்டது. ஆனால் அதே முதல் திருத்தம் பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுகளையும் போட்டது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழைச் சென்னை அரசு தன் எல்லைக்குள் வரவிடாமல் தடை செய்திருந்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதற்குப் பதிலடியாகத்தான், பேச்சுரிமையை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் 19(2)-ல் 'பொது ஒழுங்கு' என்ற காரணம் நுழைந்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதோடு சேர்ந்தது ஓரளவு ஆறுதல். ஒரே திருத்தத்தில் ஒரு கதவு திறந்தது, ஒரு கதவு பாதி சாத்தப்பட்டது.

திருத்தும் அதிகாரம் இருக்கிறது என்றால், எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாமா? காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தது. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை. 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு: எந்தப் பிரிவையும் திருத்தலாம், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் உடைக்கக் கூடாது. வீட்டில் சுவரை மாற்றலாம், ஜன்னல் வைக்கலாம், மாடி எழுப்பலாம், அஸ்திவாரத்தைத் தோண்டக் கூடாது என்பது போல. இந்தக் கோட்பாடு அரசியலமைப்பில் எந்த வரியிலும் எழுதியில்லை, நீதிபதிகள் வருவித்துக்கொண்டது என்ற விமர்சனம் உண்டு. அது வலுவான விமர்சனம்தான். ஆனால் இரண்டே ஆண்டில் நடந்ததைப் பார்த்தபிறகு அந்த 7 பேருக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. ஆகஸ்டில் 39-வது திருத்தம் வந்தது, பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே முடியாது என்று சொல்வதற்காக. ஆகஸ்ட் 7 அன்று மக்களவை, மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் மாநிலச் சட்டமன்றங்கள், 10-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். நான்கே நாள். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை 11-ஆம் தேதி. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை, எல்லாம் முறைப்படி. ஒரே ஒருவருக்காக நாட்டின் அடிப்படைச் சட்டம் வளைக்கப்பட்டது. அந்த விதியை நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அடிப்படைக் கட்டமைப்பு என்ற அந்த ஆயுதத்தை வைத்துத்தான்.

அதே நீதிமன்றம் அடுத்த ஆண்டு தவறியது. விசாரணை இல்லாமலே அடைத்துவைக்க வழி செய்த மிசா சட்டத்தில் பிடித்து வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. ஜபல்பூர் வழக்கு என்று அழைக்கப்படும் மேல்முறையீட்டில், விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரலிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால், அதற்கும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா என்று. நெருக்கடிநிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் வாதத்தை ஏற்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அவருக்குக் கிடைத்த பலன், 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. அவர் பதவி விலகினார். கேசவானந்த பாரதி வழக்கில் 7-க்கு 6 என்று தராசைச் சாய்த்ததும் இதே கன்னாதான்.

இதெல்லாம் டெல்லிக் கதை என்று நினைக்காதீர்கள். 1976 ஜனவரி 31 அன்று இங்கே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதுவரை இந்தியாவில் கொஞ்சம் மூச்சு விட முடிந்த இடங்களில் ஒன்றாக இருந்த தமிழ்நாட்டில், மறுநாளிலிருந்து வீடு வீடாகக் கைது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டார்கள். அங்கே அடைக்கப்பட்டிருந்த முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977-ல் இறந்தார். பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் இதையெல்லாம் விசாரித்தது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து, காரணம் சொல், வக்கீலைப் பார்க்க விடு என்ற விதிகள் பாடப்புத்தகத்தில் வறட்டு வாக்கியங்களாகத் தெரியும். சிறைக் கதவுக்கு உள்ளே இருப்பவருக்கும் தடிக்கும் நடுவில் இருப்பது அந்த வாக்கியங்கள் மட்டும்தான்.

நீதிமன்றம் தவறியபோது நாட்டை மீட்டது ஓட்டு. 1977 மார்ச்சில் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். புதிய நாடாளுமன்றம் 1978-ல் 44-வது திருத்தம் கொண்டுவந்து, எந்த நெருக்கடியிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவை நிறுத்திவைக்க முடியாது என்றது. ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் வெளிப்படையாகச் சொன்னது. அன்று நால்வரில் ஒருவராக இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட்டின் கையால் எழுதப்பட்ட தீர்ப்பு அது.

ஆகவே, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகளுக்கு ஏன் இவ்வளவு அதிகாரம் என்று கேட்டீர்களே, அவர்கள் உத்தமர்கள் என்பதால் கொடுக்கப்பட்டதல்ல அது. நாடாளுமன்றம் தவறினால் நீதிமன்றம், நீதிமன்றம் தவறினால் நாடாளுமன்றம், இரண்டும் தவறினால் ஓட்டு, ஓட்டு தவறினால் பத்திரிகையும் தெருவும் என்று ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பிடிக்கும்படி கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்தால், அந்தக் கை தவறும் நாளில் பிடிக்க ஆள் இருக்காது.

மாநிலங்களின் அதிகாரமும் இந்தப் பிடிமானங்களில் ஒன்று. 1976-ல் ஒருமுறை, 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி, 1991-ல் மறுபடி தி.மு.க. ஆட்சி என்று, மாநில ஆட்சியைக் கலைக்க மத்திய அரசு பயன்படுத்தும் 356-வது பிரிவு நம் மாநிலத்தில் விளையாடிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1994-ல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஓர் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்றது. அதற்குப் பிறகு ஆட்சிக் கலைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

இன்னும் நான் பேசாதது சகோதரத்துவம். முகவுரையில் கடைசியாக வருவதால் பலர் அதை அலங்காரச் சொல்லாக எண்ணிக் கடந்துபோகிறார்கள். அம்பேத்கர் அப்படி எண்ணவில்லை. 1949 நவம்பர் 25 அன்று சபையில் பேசியபோது, வருகிற ஜனவரி 26 அன்று நாம் முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம் என்றார். அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது; இதைச் சீக்கிரம் சரிசெய்யாவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் இந்த அமைப்பையே தகர்த்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். அதற்கு ஓராண்டு முன்பு, 1948 நவம்பரில், அரசியலமைப்பு அறம் என்பது இயல்பாக வரும் உணர்வு இல்லை, பழகிப் பழகி வளர்க்க வேண்டியது என்றும் சொல்லியிருந்தார்.

பாப்பாபட்டிக்கு இது அப்படியே பொருந்தும். சட்டம் இருந்தது, தேர்தல் ஆணையம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, போலீஸ் இருந்தது. பத்து ஆண்டுகள் ஒன்றும் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைத் தனக்குச் சமமானவராகப் பார்க்க முடியாத ஊரில் ஓட்டுப்பெட்டி வெறும் தகரப்பெட்டிதான். 2006-ல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார், இரண்டு தரப்போடும் உட்கார்ந்து பேசினார். அந்த அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. ஜெயித்த நான்கு பேரையும் சென்னைக்கு அழைத்து முதல்வர் கருணாநிதி சமத்துவப் பெருவிழா நடத்தினார். 2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் ஸ்டாலின் கலந்துகொண்ட கிராம சபைக் கூட்டம் நடந்த இடம் அதே பாப்பாபட்டி. சாதி அங்கே ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பத்து வருடம் காலியாகக் கிடந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தார், ஊர் இடிந்துவிழவில்லை. இதை அந்த ஊர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்த்து வளர்ந்தார்கள்.

பரீட்சைக்கு மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கிராம சபையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கூட்டம் தொடங்கும் முன்பே தீர்மான நோட்டு கைக்குக் கை சுற்றிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் வயதான அம்மா ஒருவர் நோட்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க தம்பி, அப்புறம் போடுறேன்."

"வழக்கமா போடுறதுதான்மா" என்றார் ஊராட்சி செயலர்.

"வழக்கமானதுன்னா வாசிக்கிறதுக்கு என்ன?"

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பற்றாளர், அதாவது கூட்டத்தைக் கண்காணிக்க வந்த அரசு அலுவலர், நிமிர்ந்து பார்த்தார். வாசிக்கத்தான் வேண்டும், அதுதான் விதி. டீ குடிக்கப் போன சிலர் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். குடிநீர்க் குழாய், வாய்க்கால் தூர்வாருதல் என்று போய், தெருவிளக்கு பராமரிப்பு என்று ஒரு தொகை வந்தது. "எங்க தெருவுல மூணு கம்பத்துல ஒண்ணுதான் எரியுது" என்றார் அந்த அம்மா. கூட்டத்தில் சலசலப்பு. இன்னொரு தெருக்காரரும் சொன்னார். செயலர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எந்தெந்தக் கம்பம் என்று கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததை அந்த அம்மா மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, தன் பெயரை மெதுவாக எழுதினார்.